‘கஷ்டம்’ என்பதற்கு ஓர் அளவுகோல்

பேராசிரியர் யூரிஸ் ஹார்ட்மானிஸின் ஆய்வுப் பயணம்

‘கஷ்டம்’ என்ற சொல்லை நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! வினாத்தாள் கஷ்டம். பௌதிகவியல் கஷ்டம். சாதாரண தரப் பெறுபேறு வந்து, உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் நாட்களில் எங்கள் வீடுகளில் அதிகம் கேட்கும் சொல்லும் இதுதான். “மெத்ஸ் கஷ்டம் மகள், வேறு பாடம் எடுங்க” என்று அன்போடு சொல்லாத மாமியோ சாச்சியோ இல்லை. ஆனால் எவ்வளவு கஷ்டம், எதனைவிடக் கஷ்டம், அந்தக் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை ஒரு விஞ்ஞானத் துறையாகவே வளர்த்தெடுத்தவர்களுள் முக்கியமானவர் பேராசிரியர் யூரிஸ் ஹார்ட்மானிஸ். கணினியால் ஒரு காரியத்தைச் செய்ய முடியுமா என்பதோடு நின்றுவிடாமல், அதைச் செய்ய எத்தனை படிகள் தேவை என்று அவர் கேட்டார். இணைந்த கணிதம் படிக்கும் மாணவி என்ற வகையில் அவருடைய ஆய்வுகளை என்னால் இயன்றவரை எளிமையாக இங்கே விளக்க விரும்புகிறேன். வாசிக்கும்போது ஒரு பென்சிலையும் கொப்பியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அகதியாகத் தொடங்கிய வாழ்க்கை

ஹார்ட்மானிஸ் 1928 ஜூலை 5ஆம் திகதி லத்வியா நாட்டின் தலைநகரான ரீகாவில் பிறந்தார். தந்தை லத்விய இராணுவத்தில் ஒரு ஜெனரல். 1940இல் சோவியத் படைகள் லத்வியாவைக் கைப்பற்றிய பின்னர் தந்தை கைதுசெய்யப்பட்டார். சிறையிலேயே அவரது உயிர் பிரிந்தது. 1944இல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக நாட்டைவிட்டு வெளியேறி ஜேர்மனியை அடைந்தனர். அந்தக் குடும்பத்தின் இரு பிள்ளைகள் பிற்காலத்தில் உலகறிய வளர்ந்தனர். அக்கா அஸ்ட்ரிட் இவாஸ்க் லத்விய மொழியின் கவிஞர்களுள் ஒருவரானார். தம்பி கணிதத்தின் பக்கம் சென்றார்.

அவர் நேராகக் கணிதத்துக்குப் போகவில்லை. ஜேர்மனியின் மார்பேர்க் பல்கலைக்கழகத்தில் முதலில் படித்தது பௌதிகவியல். பின்னர் அமெரிக்கா சென்று, 1951இல் கன்சாஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் பிரயோக கணிதத்தில் முதுமாணிப் பட்டமும், 1955இல் கலிபோர்னியா தொழினுட்ப நிறுவகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். கலாநிதிப் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்தது ‘லெட்டிஸ்’ என்னும் கணித அமைப்புகளை. பொருட்களை எது எதற்குள் அடங்கும், எது எதைவிடப் பெரியது என்று ஒழுங்குபடுத்திப் பார்க்கும் துறை அது. கணினிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

கோர்னெல், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகங்களில் சிறிது காலம் கற்பித்த பின்னர், 1958இல் நியூயோர்க் மாநிலத்தில் இருந்த ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். இங்குதான் பழைய படிப்பு புதிய இடத்தில் கைகொடுத்தது.

ஒரு பொறியைப் பிரித்துப் பார்ப்போம்

தன்னியங்கி என்றால் என்ன? ஒரு நேரத்தில் ஏதேனும் ஒரு ‘நிலை’யில் இருந்து, ஒவ்வோர் உள்ளீடு கிடைக்கும்போதும் குறித்த விதிப்படி அடுத்த நிலைக்கு மாறும் பொறி. மின்விசிறியின் சுவிட்சை நினைத்துப் பாருங்கள். 0, 1, 2, 3 என்று நிலைகள் உள்ளன. இப்போது எந்த நிலை என்பது தெரிந்தால் போதும், அடுத்த நிலையைச் சொல்லிவிடலாம். நிலைகளின் எண்ணிக்கை எல்லைப்பட்டதாக இருந்தால் அதை ‘முடிவுறு தன்னியங்கி’ என்பர்.

ஹார்ட்மானிஸ் கேட்ட கேள்வி இது: பெரியதொரு தன்னியங்கியைச் சிறிய தன்னியங்கிகளாகப் பிரித்து அமைக்க முடியுமா? எந்தத் தன்னியங்கியைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்க முடியாது?

ஓர் உதாரணம். பொத்தானை அழுத்த அழுத்த 0, 1, 2, 3, 4, 5 என்று எண்ணி, பிறகு 0க்குத் திரும்பும் பொறி ஒன்று. அதற்கு 6 நிலைகள். இப்போது நிலைகளை இரட்டை எண்கள், ஒற்றை எண்கள் என இரு குழுக்களாக்குவோம். இரட்டையிலிருந்து அழுத்தினால் எப்போதும் ஒற்றை. ஒற்றையிலிருந்து அழுத்தினால் எப்போதும் இரட்டை. ஆகவே சரியான எண் தெரியாவிட்டாலும், குழு தெரிந்தால் அடுத்த குழுவைச் சொல்லலாம். இது நல்ல பிரிப்பு.

மாறாக 0, 1, 2 ஒரு குழு, 3, 4, 5 மற்றக் குழு என்று பிரித்தால்? 0இலிருந்து அழுத்தினால் 1. அதே குழுவிலேயே இருக்கிறோம். 2இலிருந்து அழுத்தினால் 3; மற்றக் குழுவுக்குப் போய்விடுகிறோம். குழு மட்டும் தெரிந்தால் அடுத்தது என்னவென்று சொல்ல முடியாது. இது உதவாத பிரிப்பு.

நல்ல பிரிப்பு இன்னொன்றும் இருக்கிறது. 3ஆல் வகுக்கும்போது வரும் மீதியின்படி 0, 3 ஒரு குழு. 1, 4 ஒரு குழு. 2, 5 ஒரு குழு. இந்த இரு பிரிப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். 4 என்ற நிலையை “2ஆல் வகுத்தால் மீதி 0, 3ஆல் வகுத்தால் மீதி 1” என்று சொல்லலாம். ஆறு எண்களுக்கும் ஆறு வெவ்வேறு சோடிகள் கிடைக்கும். ஆகவே 6 நிலைகள் கொண்ட ஒரு பொறிக்குப் பதிலாக, 2 நிலைப் பொறி ஒன்றையும் 3 நிலைப் பொறி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பொத்தானால் இயக்கினால் போதும்.

ஒரு தன்னியங்கிக்கு இத்தகைய நல்ல பிரிப்புகள் எத்தனை உள்ளன, எது எதற்குள் அடங்கும் என்று வரிசைப்படுத்தினால் கிடைப்பது ஒரு லெட்டிஸ். கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த அதே பொருள்! இந்த ஆய்வுகளைத் தொகுத்து, தம்முடன் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டேர்ன்ஸுடன் இணைந்து 1966இல் ஒரு நூலாக வெளியிட்டார். பௌதிகவியலைவிட்டு வந்ததும், கணினியோடு தொடர்பில்லாத கணிதத்தைப் படித்ததும் வீண்போகவில்லை.

முடியுமா என்பதிலிருந்து எவ்வளவு என்பதற்கு

முடிவுறு தன்னியங்கிக்கு நினைவாற்றல் குறைவு. 10 நிலைகள் கொண்ட பொறியால் எத்தனை அடைப்புக்குறிகள் திறக்கப்பட்டன என்பதை 10க்கு மேல் வேறுபடுத்தி நினைவில் வைக்க முடியாது. அலன் டியூரிங் 1936இல் முன்வைத்த கற்பனை இயந்திரத்துக்கு இந்தக் குறை கிடையாது. எழுதவும் அழிக்கவும் கூடிய, முடிவில்லாது நீளும் நாடா ஒன்று அதனிடம் உண்டு. எந்தப் பிரச்சினையைக் கணித்துத் தீர்க்கலாம், எதை ஒருபோதும் தீர்க்க முடியாது என்று டியூரிங் ஆராய்ந்தார். அவருடைய கேள்வி ‘முடியுமா, முடியாதா’ என்பது.

ஹார்ட்மானிஸுக்கு அது போதவில்லை. பௌதிகவியல் படித்தவர் அல்லவா? பொருள் விழும் என்று சொன்னால் மட்டும் போதாது, எவ்வளவு நேரத்தில் விழும் என்று சொல்ல வேண்டும். கணிப்புக்கும் அப்படி அளவு சார்ந்த விதிகள் இருக்க வேண்டும் என்று அவரும் ஸ்டேர்ன்ஸும் எண்ணினர். மைக்கேல் ராபின், மானுவேல் புளும் போன்றோரும் அக்காலத்தில் இதே திசையில் சிந்தித்தனர். ஆனால் துறைக்குப் பெயரையே தந்தது, ஹார்ட்மானிஸும் ஸ்டேர்ன்ஸும் 1965இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை. அதன் தலைப்பில் இருந்த ‘கணிப்புச் சிக்கல்தன்மை’ என்ற தொடரே துறையின் பெயராயிற்று.

அவர்கள் எப்படி அளந்தனர்? செக்கன்களால் அல்ல, படிகளால். நமது மொழியிலிருந்தே ஓர் உதாரணம் எடுப்போம். ‘விகடகவி’ என்ற சொல் முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். ஒரு சொல் இப்படிப்பட்டதா என்று ஓர் இயந்திரம் சோதிக்க வேண்டும்.

இயந்திரத்திடம் ஒரேயொரு நாடா இருந்தால், முதல் எழுத்தை நினைவில் வைத்துக்கொண்டு கடைசி எழுத்துவரை நடந்து ஒப்பிட வேண்டும். பிறகு எஞ்சியவற்றின் மறுமுனைக்குத் திரும்ப வேண்டும். ‘விகடகவி’க்கு ஏறத்தாழ 5 + 4 + 3 + 2 + 1 = 15 படிகள். இரண்டு நாடாக்கள் இருந்தால், சொல்லை இரண்டாவது நாடாவில் பிரதி செய்து (5), ஒரு நாடாவைத் தொடக்கத்துக்குத் திருப்பி (5), ஒன்றை முன்னாகவும் மற்றதைப் பின்னாகவும் ஒப்பிடலாம் (5). இதற்கும் 15 படிகள்.

வித்தியாசமே இல்லையே என்று தோன்றும். இப்போது 1,000 எழுத்துகள் கொண்ட தொடரை எடுங்கள். ஒரு நாடாவுக்கு 1 முதல் 1,000 வரையான எண்களின் கூட்டுத்தொகை, அதாவது 500,500 படிகள். இரு நாடாக்களுக்கு வெறும் 3,000 படிகள். சிறிய உள்ளீட்டில் மறைந்திருந்த வேறுபாடு பெரிய உள்ளீட்டில் வெளிப்பட்டுவிட்டது. முதலாவது முறை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. இரண்டாவது நீளத்துக்கு ஏற்ப மட்டும் வளர்கிறது.

இந்த வளர்ச்சிதான் முக்கியம். இரு மடங்கு வேகமான இயந்திரம் வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். அதே கட்டுரையில் அவர்கள் காட்டிய ஒரு முடிவு இதற்குப் பதில். பல எழுத்துகளை ஒரே கட்டத்தில் அடக்கி எழுதுவதன் மூலம் படிகளின் எண்ணிக்கையைப் பாதியாக, கால்வாசியாக எப்போதும் குறைக்கலாம். ஆகவே இரு மடங்கு, நான்கு மடங்கு என்பவை ஒரு பிரச்சினையின் இயல்பைச் சொல்வதில்லை. உள்ளீடு வளரும்போது வேலை எப்படி வளர்கிறது என்பதே அதன் இயல்பைச் சொல்கிறது.

நேரம் கூடினால் பலம் கூடுமா?

1965 கட்டுரையின் மிக முக்கியமான தேற்றம் இனித்தான் வருகிறது. போதுமான அளவு கூடுதல் நேரம் கொடுத்தால், முன்பு தீர்க்கவே முடியாத புதிய பிரச்சினைகளைத் தீர்க்க முடியும் என்று அவர்கள் நிறுவினர். உதாரணமாக, நீளத்தின் வர்க்கத்தளவு படிகளில் எந்த இயந்திரத்தாலும் முடிக்க முடியாமல், கனத்தளவு படிகளில் முடிக்கக்கூடிய பிரச்சினைகள் உண்டு. இதை நாம் இயல்பாகவே நம்பிவிடுவோம். ஆனால் நம்புவது வேறு, நிறுவுவது வேறு.

நிறுவலின் மையக் கருத்து அழகானது. குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும் இயந்திரங்களை எல்லாம் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று ஒரு பட்டியலில் இடுகிறோம். ஒவ்வொன்றும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை சொல்லும். இப்போது ஒரு புதிய இயந்திரம் செய்கிறோம். முதலாவது கேள்விக்கு முதலாவது இயந்திரம் என்ன சொல்கிறதோ, அதற்கு நேர்மாறாக இது சொல்லும். இரண்டாவது கேள்விக்கு இரண்டாவது இயந்திரத்துக்கு நேர்மாறு. மூன்றாவதற்கு மூன்றாவதன் நேர்மாறு. இப்படியே போனால், இந்தப் புதிய இயந்திரம் பட்டியலில் உள்ள ஒவ்வோர் இயந்திரத்திலிருந்தும் குறைந்தது ஒரு கேள்வியிலாவது வேறுபடும். ஆகவே அது பட்டியலில் இருக்க முடியாது. மற்ற இயந்திரங்களைப் போல நடித்துப் பார்த்துத்தான் அது விடையை மாற்றுகிறது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவை. அந்தக் கூடுதல் நேரத்தில் தீர்வதும், பழைய நேரத்தில் எவராலும் தீர்க்க முடியாததுமான பிரச்சினை ஒன்று நம் கையில் இருக்கிறது!

இதைப் படித்தபோது, கொப்பியில் மூன்று வரி மூன்று நிரல் போட்டு ஆம், இல்லை என எழுதி மூலைவிட்டம் வழியே மாற்றிப் பார்த்தேன். நாம் வகுப்பில் படிக்கும் முரண்பாட்டு முறை நிறுவலின் உறவுதான் இது. பரீட்சையில் புள்ளி பெறுவதற்கு மட்டும் என்று நினைத்த ஒரு முறை, ஒரு புதிய விஞ்ஞானத்தின் அத்திவாரமாக இருப்பதைக் கண்டு வியந்தேன்.

சில பிரச்சினைகள் இயல்பிலேயே கடினமானவை என்பதும் இதனால் உறுதியாயிற்று. எவ்வளவு கெட்டிக்காரர் வந்து அல்கோரிதம் எழுதினாலும் அந்த எல்லைக்குக் கீழே போக முடியாது. (அல்கோரிதம் என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது.) கஷ்டம் அந்தப் பிரச்சினையிலேயே இருக்கிறது, அதைத் தீர்க்க முயல்பவரின் குறை அல்ல.

இன்னும் விடை கிடைக்காத கேள்வி

60 பொதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறை. இரண்டு லொறிகளில் சரிசமமான நிறையாக ஏற்ற முடியுமா? ஒவ்வொரு பொதிக்கும் இரு தெரிவுகள். எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்றால், செக்கனுக்கு 100 கோடி வழிகளைச் சோதிக்கும் கணினிக்கும் 36 வருடங்களுக்கு மேல் ஆகும். 61ஆவது பொதி ஒன்று வந்தால் அது 73 வருடமாகிவிடும். இதைவிடச் சாமர்த்தியமான வழிகள் உண்டு. ஆனால் எண்கள் எவ்வளவு பெரிதானாலும், பொதிகள் எத்தனை கூடினாலும் விரைவாக முடியும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதேவேளை, யாராவது சரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் அது சரியா என்று பார்க்க இரண்டு கூட்டல் போதும்.

விடையை விரைவில் காணக்கூடிய பிரச்சினைகள் ‘பி’ வகுப்பு. கொடுத்த விடையை விரைவில் சரிபார்க்கக்கூடியவை ‘என்பி’ வகுப்பு. இரண்டும் ஒன்றா, வெவ்வேறா? 1971இல் ஸ்டீபன் குக் இக்கேள்வியைத் தெளிவாக முன்வைத்தார். 1972இல் ரிச்சர்ட் கார்ப், பொதி பிரிப்பது உட்பட 21 பிரச்சினைகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் காட்டினார். அவற்றுள் ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். 2000ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவகம் இக்கேள்வியின் விடைக்கு 10 இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது. பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது.

1977இல் ஹார்ட்மானிஸும் அவரது மாணவர் லெனார்ட் பேர்மனும் ஓர் ஊகத்தை வெளியிட்டனர். பிணைந்திருக்கும் அந்தப் பிரச்சினைகள் யாவும் உண்மையில் ஒரே பிரச்சினையின் வெவ்வேறு உடைகள் என்பதே அதன் சாரம். அந்த ஊகமும் இன்றுவரை நிறுவப்படவில்லை, மறுக்கப்படவுமில்லை.

இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. தர்க்கவியல் மேதை கூர்ட் கோடெல், நோயுற்றிருந்த தம் நண்பர் ஜோன் வொன் நொய்மனுக்கு 1956 மார்ச்சில் ஒரு கடிதம் எழுதினார். ஒரு தேற்றத்தின் நிறுவலைத் தேடிக் கண்டுபிடிக்க ஓர் இயந்திரத்துக்கு எத்தனை படிகள் தேவை என்று அதில் கேட்டிருந்தார். குக்கின் கட்டுரைக்கு 15 வருடங்களுக்கு முன்பே ஏறத்தாழ அதே கேள்வி! 1989இல் ஹார்ட்மானிஸ் இக்கடிதத்தைப் பற்றி எழுதி அதன் முக்கியத்துவத்தை உலகுக்கு எடுத்துக்காட்டினார்.

ஆசிரியர் ஹார்ட்மானிஸ்

1965இல் கோர்னெல் பல்கலைக்கழகம் புதிதாகக் கணினி விஞ்ஞானத் துறையை ஆரம்பித்தபோது, அதன் முதல் தலைவராக ஹார்ட்மானிஸ் அழைக்கப்பட்டார். அக்காலத்தில் கணினி விஞ்ஞானம் என்பது தனியான ஒரு துறைதானா என்றே பலர் சந்தேகித்தனர். அதைக் கட்டியெழுப்பியதோடு, தம்மைத் தொடர்ந்து செல்லும் மாணவர்களையும் உருவாக்கினார். அலன் பொரோடின், டெக்ஸ்டர் கோசன், நீல் இம்மர்மன் ஆகியோர் அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தவர்கள். மற்றொரு மாணவரான ஸ்டீபன் மஹானி, ஆசிரியரின் ஊகத்தோடு தொடர்பான முக்கிய தேற்றமொன்றை நிறுவினார்.

கணினி விஞ்ஞானத்தின் அதியுயர் விருதான டியூரிங் விருது 1993இல் ஹார்ட்மானிஸுக்கும் ஸ்டேர்ன்ஸுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 2022 ஜூலை 29ஆம் திகதி, தமது 94ஆவது வயதில் ஹார்ட்மானிஸ் காலமானார்.

நமக்கு என்ன?

இந்தக் கோட்பாடு இயந்திரங்களைப் பற்றியது, பரீட்சைகளைப் பற்றியது அல்ல என்பதை அறிவேன். எந்த மாணவிக்கு எந்தப் பாடம் பொருந்தும் என்று எந்தத் தேற்றமும் சொல்லாது. ஆனாலும் ஒரு பழக்கத்தை நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ‘கஷ்டம்’ என்று சொன்னவுடன் பேச்சை முடித்துவிடாமல், அங்கிருந்து தொடங்குவது. எந்தப் படியில் கஷ்டம்? வேறு வழி இருக்கிறதா? இரண்டாவது நாடா ஒன்று கிடைத்தால் இலேசாகுமா? ஒரு நல்ல வரைபடம், ஒரு தோழியின் விளக்கம், இன்னும் ஒரு மணிநேரம், இவையெல்லாம் சில நேரம் அந்த இரண்டாவது நாடாவாக இருக்கலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு பாடத்தை விரும்பினால், கஷ்டம் என்று தடுக்குமுன் எவ்வளவு கஷ்டம் என்று அவளோடு உட்கார்ந்து கேளுங்கள். அவள் பாதை மாறினாலும் பயப்படாதீர்கள். பௌதிகவியலில் தொடங்கி, லெட்டிஸில் நுழைந்து, தன்னியங்கி வழியாகச் சிக்கல்தன்மைக்கு வந்து சேர்ந்த ஒருவரின் கதையைத்தான் இப்போது வாசித்தீர்கள்.

கடைசியாக, தங்கைமாருக்கு ஒரு பயிற்சி. கடிகாரம் 12 நிலைகள் கொண்ட ஒரு தன்னியங்கி. அதை 3 நிலைப் பொறியாகவும் 4 நிலைப் பொறியாகவும் பிரித்து அமைக்க முடியுமா? 2 நிலைப் பொறியாகவும் 6 நிலைப் பொறியாகவும்? இரண்டில் ஒன்று சரிவரும், மற்றது சரிவராது. எது, ஏன் என்று கொப்பியில் எழுதிப் பாருங்கள்.